யாருடைய இடது? வழி கண்டுபிடிப்பது எப்படி நடக்கிறது

போன வாரம் வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. வீட்டுக்கு வந்தது என்பதைவிட, வீட்டுக்கு ஐம்பதடி தள்ளி வந்து நின்றது என்று சொல்வதுதான் சரி.

"சார், லொகேஷன்லதான் நிக்கிறேன். எந்த வீடு?"

"தெருவுக்குள்ள வந்துட்டீங்களா தம்பி? இடது பக்கம் மூணாவது கேட்டு."

"இடது பக்கம் காலி மனைதான் சார் இருக்கு."

காலி மனை எங்கள் வீட்டுக்கு எதிரே இருப்பது. தம்பி தெருவின் அந்த முனையிலிருந்து உள்ளே வந்திருக்கிறார். நானோ, உலகத்தில் எல்லோரும் மெயின் ரோட்டிலிருந்துதான் எங்கள் தெருவுக்குள் நுழைவார்கள் என்ற நினைப்பில் பேசிக்கொண்டிருக்கிறேன். கடைசியில், "மாடியில நீலக்கலர் தண்ணி டேங்க் தெரியுதா?" என்று கேட்டேன். அடுத்த நிமிஷம் பெல் அடித்தது.

அவரும் தப்பாகச் சொல்லவில்லை, நானும் தப்பாகச் சொல்லவில்லை. 'இடது' என்ற சொல்லுக்கு ஆளுக்கொரு பொருள் வைத்திருந்தோம், அவ்வளவுதான். இப்படி ஏதாவது நடந்தால் உடனே, "எனக்கு டைரக்‌ஷன் சென்ஸே கிடையாது" என்று ரத்த வகையைச் சொல்வதுபோலச் சொல்லிக்கொள்கிறோம். இல்லாவிட்டால் மேப் ஆப் வந்து எல்லோரையும் கெடுத்துவிட்டது என்கிறோம். இரண்டுமே அரைகுறைப் பேச்சு. திசையறிவு என்று ஒரே பெயரில் நாம் சொல்வது உண்மையில் மூன்று நான்கு தனித்தனி வேலைகள். ஒன்றில் கெட்டிக்காரராக இருப்பவர் இன்னொன்றில் திணறலாம். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

திசை சொல்ல மூன்று வழி

முதல் வழி, உடம்பை வைத்துச் சொல்வது. இடது, வலது, முன்னால், பின்னால். ஊரில் சோத்தாங்கைப் பக்கம், பீச்சாங்கைப் பக்கம் என்பதும் இதுதான். இதற்கு முன்கூட்டி எதுவும் தெரிந்திருக்க வேண்டாம், கை இரண்டும் எப்போதும் கூடவே வருகின்றன. ஆனால் ஆள் திரும்பினால் திசையும் திரும்பிவிடும்.

இரண்டாவது வழி, பொருளை வைத்துச் சொல்வது. "கோயிலுக்குப் பின்னாடி" என்றால் குழப்பம் இல்லை. கோயிலுக்கு வாசல் உண்டு, அதனால் முன்பக்கம் பின்பக்கம் உண்டு. பஸ், வீடு, நாற்காலி எல்லாம் அப்படித்தான். "புளியமரத்துக்குப் பின்னாடி" என்றால்? மரத்துக்கு ஏது முகம்? சொல்கிறவர் நிற்கும் இடத்துக்கு மறுபுறம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அவர் எங்கே நிற்கிறார் என்பது போனில் தெரியாது. பாதிச் சண்டை இங்கேதான் தொடங்குகிறது.

மூன்றாவது வழி, யார் எப்படித் திரும்பினாலும் மாறாத பொதுத் திசை. கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு.

இப்படி எதை மையமாக வைத்துத் திசை சொல்கிறோமோ, அதற்குக் குறிப்புச் சட்டகம் என்று பெயர். இனி சுருக்கமாகச் சட்டகம் என்கிறேன். பார்சல் தம்பியிடம் நான் முதல் சட்டகத்தில் பேசினேன். அது அவர் உடம்போடு திரும்பிவிட்டது.

தமிழில் மூன்றாவது சட்டகம் மண்ணோடு ஒட்டியது. கீழ் என்பதிலிருந்து கிழக்கு, மேல் என்பதிலிருந்து மேற்கு. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து வங்காள விரிகுடாவை நோக்கிச் சரிகிற நிலம் இது. தண்ணீர் வருகிற பக்கம் மேல், போகிற பக்கம் கீழ். வேடிக்கை என்னவென்றால் மலையாளத்திலும் கிழக்கு கிழக்குதான். கேரளத்தில் மலை இருப்பதே கிழக்கில், நிலம் சரிவதோ மேற்கே. மேற்குக்கு மட்டும் 'படிஞ்ஞாறு', அதாவது ஞாயிறு படியும் பக்கம், என்று அவர்கள் வேறு சொல் வைத்துக்கொண்டார்கள். கிழக்கு மலை மேலே ஏறிப்போன பிறகும் பழைய பெயரை விடவில்லை.

எங்கள் அத்தை கிராமத்தில் வளர்ந்தவர். சமையற்கட்டில்கூட, "அடுப்புக்கு மேக்கால இருக்கிற டப்பாவ எடு" என்பார். பந்தியில், "கொஞ்சம் தெக்கால தள்ளி உக்காரு" என்பார். சிறுவயதில் எனக்கு இது பெரிய தண்டனை. ஆனால் உலகத்தில் இதற்கும் மேலே போகிற மொழிகள் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பேசப்படும் கூகு யிமிதிர் மொழியில், உடம்புக்குப் பக்கத்தில் இருக்கும் பொருளுக்குக்கூட வடக்கு, தெற்கு என்றே சொல்வார்கள். (கங்காரு என்ற சொல் 1770இல் கேப்டன் குக்கின் ஆட்கள் மூலம் வெளியுலகத்துக்கு வந்தது இந்த மொழியிலிருந்துதான்.) இப்படிப் பேச வேண்டுமானால் எந்த நேரமும் வடக்கு எது என்று தெரிந்திருக்க வேண்டும். பேசிப் பேசியே அந்தக் கணக்கு அவர்களுக்குள் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அத்தைக்கும் அப்படித்தான். இவர்கள் யாரும் காந்த ஊசியோடு பிறந்தவர்கள் இல்லை.

இதுவரை பார்த்தது: உடம்பு, பொருள், பொதுத் திசை என மூன்று சட்டகம். சொல்பவரும் கேட்பவரும் வெவ்வேறு சட்டகத்தில் இருந்தால், இருவரும் சரியாகச் சொல்லியும் ஆள் வந்து சேர மாட்டார்.

மணி கோத்த நூலும் புள்ளி வைத்த கோலமும்

அடுத்தது, ஒரு இடத்தைப் பற்றி நமக்கு என்ன தெரியும் என்பது. இதிலும் வகை உண்டு.

புது ஊருக்குப் போனால் முதலில் மனசில் நிற்பது தனித்தனிப் பொருள்கள்: டவர், தியேட்டர், பெரிய அரசமரம், மூலை மருந்துக்கடை. முகவரி கேட்கும் எல்லா படிவத்திலும் இப்போது இருக்கிறதே 'லேண்ட்மார்க்', அதுதான் இது. எளிதில் கண்ணில் படும், சட்டென்று இடம் மாறாத பொருள். நம் நெடுஞ்சாலைகள் இதை ஊர்ப்பெயராகவே ஆக்கிவைத்திருக்கின்றன. ஊருக்குள் பிரியும் இடத்துக்குத் தென்மாவட்டங்களில் 'விலக்கு', கோவைப் பக்கம் 'பிரிவு', விழுப்புரம் பக்கம் 'கூட்டு ரோடு'. யாழ்ப்பாணத்தில் சந்தி சந்தியாக வழி சொல்வார்கள். எங்கே முடிவெடுக்க வேண்டுமோ அந்த இடத்துக்குத்தான் பெயர் விழுகிறது.

இந்த லேண்ட்மார்க்குகளை வரிசையாகக் கோத்தால் கிடைப்பது வழியறிவு. "பஸ் ஸ்டாண்டுல இறங்கி நேரா வந்தா பிள்ளையார் கோயில், அங்க திரும்புனா ரேஷன் கடை, அதைத் தாண்டி ரெண்டாவது சந்து." நூலில் மணி கோத்ததுபோல ஒன்றுக்கு அடுத்தது ஒன்று. நூல் அறுந்தால் தீர்ந்தது. பிள்ளையார் கோயில் பக்கம் மெட்ரோவுக்குப் பள்ளம் தோண்டி ரோட்டை மறித்துவிட்டால், அடுத்து என்ன செய்வது என்று அந்த நூல் சொல்லாது.

மூன்றாவது, மேலிருந்து பார்ப்பதுபோல இடங்களின் அமைப்பே தெரிந்திருப்பது. இதைப் பரப்பறிவு எனலாம். வாசலில் கோலம் போடுகிறவர் முதலில் புள்ளிகளை எல்லாம் வைத்துவிடுவார். அப்புறம் எந்தப் புள்ளியிலிருந்தும் எந்தப் புள்ளிக்கும் கோடு இழுக்கலாம். பரப்பறிவு உள்ளவர் ரோடு மறித்திருந்தால், "ரேஷன் கடை இதுக்கு அந்தாண்ட தானே, இப்படிச் சுத்தினாலும் வரும்" என்று போய்விடுவார்.

முதலில் லேண்ட்மார்க், பிறகு வழி, கடைசியில் பரப்பு என்று படிப்படியாக இந்த அறிவு வளர்கிறது என்று 1975இல் இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் சொன்னார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் அது அவ்வளவு ஒழுங்காக நடப்பதாகத் தெரியவில்லை. சிலருக்கு ஒரே முறை போனதும் அமைப்பு பிடிபடுகிறது. சிலர் வாரா வாரம் போனாலும் நூலோடு நின்றுவிடுகிறார்கள். பதினைந்து வருஷமாக ஒரே பஸ்ஸில் ஆபீஸ் போகிறவருக்கு, பஸ் போகும் பாதையைவிட நடந்தால் குறுக்கு வழி இருக்கிறது என்பது தெரியாமலே இருக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, தேவைப்படவில்லை என்று அர்த்தம்.

மதுரையில் தொலைந்த கதை

பரப்பறிவை ஊரே கையில் கொடுக்கும் இடம் மதுரை. நடுவில் மீனாட்சி அம்மன் கோயில். கோயிலுக்குள் ஆடி வீதி, வெளியே வந்தால் சித்திரை வீதி, அடுத்த சுற்றில் ஆவணி மூல வீதி, அதற்கும் வெளியே தேர் ஓடும் மாசி வீதி, எல்லாவற்றுக்கும் வெளியே வெளி வீதி. சதுரத்துக்குள் சதுரம். ஒவ்வொரு சுற்றிலும் நான்கு பக்கம், பக்கத்துக்கொரு பெயர். 'மேல மாசி வீதி' என்ற முகவரியில் இரண்டு தகவல் இருக்கிறது: எத்தனாவது சுற்று, கோயிலுக்கு எந்தப் பக்கம். அந்தப் பெயரே ஒரு வரைபடம். ரயில் நிலையம் மேல வெளி வீதியில் இருக்கிறது என்றால், இறங்கிக் கிழக்கே நடந்தால் கோயில் என்று யாரையும் கேட்காமலே தெரிந்துவிடும்.

இவ்வளவு தெரிந்த நான்தான் அங்கே தொலைந்துபோனேன். அத்தையையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். ஒரு கோபுர வாசலில் செருப்பை விட்டோம், போனையும் அங்கேயே கொடுத்துவிட்டோம். கோயிலுக்குள் செல்போனுக்கு அனுமதி கிடையாது. அம்மன் சந்நிதி, சுவாமி சந்நிதி, பிரகாரம் என்று சுற்றி, நடை சாத்துகிற நேரத்தில் வெளியே வந்தோம். உச்சி வெயில். எதிரே சித்திரை வீதி, தலைக்கு மேல் கோபுரம், எல்லாம் பார்த்த மாதிரியே இருந்தது. செருப்புக் கடையை மட்டும் காணோம். நான்கு கோபுரமும் நம் கண்ணுக்கு அண்ணன் தம்பிபோல ஒரே சாயல். கல் தரை கொதித்தது. கட்டைவிரலை ஊன்றி ஊன்றி நான் ஒரு பக்கம் நடக்கத் தொடங்கினேன். அத்தை அசையவில்லை.

"தெக்கு வாசல்லல்ல செருப்ப விட்டோம். நீ மேக்க கூட்டியாந்துட்ட. தெக்க நட."

அத்தை சொன்னது சரி. அவருக்கு எப்படித் தெரிந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் எனக்கு என்ன ஆனது என்று பார்ப்போம்.

காலுக்குள் ஒரு கணக்கு

கண்ணை மூடிக்கொண்டு பத்தடி நடந்து, வலப்பக்கம் திரும்பி, ஐந்தடி நடந்து நில்லுங்கள். கிளம்பிய இடம் எந்தப் பக்கம் என்று கை காட்டச் சொன்னால் ஏறக்குறைய சரியாகக் காட்டுவீர்கள். எவ்வளவு நடந்தோம், எவ்வளவு திரும்பினோம் என்று உடம்பு தானாகவே கூட்டிக் கழித்துக்கொண்டு வருகிறது. இதை நடைக்கணக்கு என்று வைத்துக்கொள்வோம். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பும், கால் தசைகளும், கண்ணுக்கு எதிரே நகரும் காட்சியும் சேர்ந்து போடும் கணக்கு இது.

பாலைவன எறும்புகள் இதில் பெரிய ஆட்கள். வளைந்து வளைந்து இரை தேடிவிட்டு, கிடைத்ததும் நேர்கோட்டில் புற்றுக்குத் திரும்பும். 2006இல் வெளிவந்த ஒரு சோதனையில், துனிசியாவில் இரையை எடுத்த எறும்புகளைப் பிடித்து, காலில் பன்றி மயிரை ஒட்டிப் பொய்க்கால் வைத்துவிட்டார்கள். கால் நீண்ட எறும்புகள் புற்றைத் தாண்டிப் போய்த் தேடின. காலைக் குட்டையாக்கிய எறும்புகள் புற்றுக்கு முன்பே நின்று தேடின. தூரத்தை அவை காலடியால் அளக்கின்றன என்பது தெரிந்தது.

மனிதரின் நடைக்கணக்கு அவ்வளவு கறார் இல்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் சின்னச் சின்னப் பிழை சேர்ந்துகொண்டே போகும், இடையில் சரிபார்க்க ஏதாவது வேண்டும். 2009இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் ஆட்களை ஒரு காட்டுக்குள்ளும் சஹாரா பாலைவனத்திலும் நேராக நடக்கச் சொல்லிப் பார்த்தார்கள். சூரியன் தெரிந்தவரை ஓரளவு நேராகப் போனார்கள். மேகம் மூடியதும் காட்டுக்குள் நடந்தவர்கள் தங்களுக்கே தெரியாமல் வட்டமடித்தார்கள். கண்ணைக் கட்டிவிட்டால் 20 மீட்டர் அகலத்துக்குள்ளேயே சுற்றினவர்களும் உண்டு. காட்டில் சுற்றிச் சுற்றி வந்த இடத்துக்கே வந்தோம் என்று பாட்டிகள் சொல்வது கதை இல்லை.

கோயிலில் எனக்கு நடந்ததும் இதுதான். வலம் வருவது என்றால் எல்லாத் திருப்பமும் வலப்பக்கம். மூன்று திரும்பினோமா, ஐந்தா என்று எண்ணிக்கை விட்டுப்போனது. உள்ளே வெயிலும் நிழலும் தெரியாது. சரிபார்க்க ஒன்றுமில்லாமல் கணக்கு ஒரு திருப்பம் தப்பிவிட்டது.

மண்டைக்குள் இடுக்குப் புள்ளி

எலிகளை வைத்துப் பல சோதனைகள் செய்த எட்வர்ட் டோல்மன் என்ற உளவியலாளர், எலி திருப்பங்களை மனப்பாடம் செய்து ஓடுவதில்லை, இடத்தின் அமைப்பையே தலையில் வைத்திருக்கிறது என்று 1948இல் எழுதினார். அதற்கு அவர் வைத்த பெயர்தான் மனவரைபடம். அது வெறும் உவமையா, உண்மையிலேயே மூளையில் இருக்கிறதா என்று தெரிய இன்னும் இருபது வருஷத்துக்கு மேல் ஆனது.

மூளையின் உள்ளே, கடற்குதிரை வடிவத்தில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி இருக்கிறது. 1971இல் லண்டனில் ஜான் ஓ'கீஃப், எலி ஒரு குறிப்பிட்ட மூலைக்குப் போகும்போது மட்டும் அங்கே ஒரு குறிப்பிட்ட செல் துடிப்பதைக் கண்டார். இன்னொரு மூலைக்குப் போனால் இன்னொரு செல். 'இப்போது இங்கே இருக்கிறாய்' என்று சொல்லும் விளக்குகள் மாதிரி. இவற்றுக்கு இடச் செல்கள் என்று பெயர். தலை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதற்குத் தனிச் செல்கள் இருப்பதும் பிறகு தெரியவந்தது. 2005இல் நார்வேயில் மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் குழு இன்னும் விசித்திரமான ஒன்றைக் கண்டுபிடித்தது. ஹிப்போகேம்பஸுக்குப் பக்கத்துப் பகுதியில் இருக்கும் ஒரு செல், எலி நடக்க நடக்க ஒரே இடத்தில் இல்லாமல் சீரான இடைவெளியில் பல இடங்களில் துடிக்கிறது. அந்த இடங்களைப் படமாக வைத்துப் பார்த்தால் முக்கோண முக்கோணமாக, அறுகோணமாக விரிகிறது. நேர்ப்புள்ளி வைத்த கோலம் இல்லை, இடுக்குப் புள்ளிக் கோலம். 15 புள்ளியில் தொடங்கி 8 வரை வைப்பார்களே, அதே அமைப்பு. மூளை தரைமேல் புள்ளி வைத்துத்தான் தூரம் அளக்கிறது போலும். இந்த மூவருக்கும் 2014இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

சரி, இது பிறவியிலேயே அமைந்த அளவா, பழகினால் மாறுமா? லண்டன் கறுப்பு டாக்சி ஓட்டுநர்கள் உரிமம் வாங்க, சாரிங் கிராஸ் என்ற இடத்தைச் சுற்றி ஆறு மைலுக்குள் இருக்கும் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடமாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இதற்கு வருஷக்கணக்கில் படிக்கிறார்கள். எலினார் மக்வயர் குழு 2000இல் அவர்கள் மூளையை ஸ்கேன் செய்தபோது ஹிப்போகேம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது. பெரிதாக இருந்ததால்தான் டாக்சி ஓட்டவே வந்தார்களோ என்று கேட்கலாம். அதனால் படிக்கத் தொடங்கியவர்களையே வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்த்து, தேர்வில் தேறியவர்களுக்கு அந்தப் பகுதி வளர்ந்திருப்பதை 2011இல் காட்டினார்கள்.

இதுவரை பார்த்தது: நடைக்கணக்கு ஒரு பக்கம் ஓடுகிறது, மனவரைபடம் ஒரு பக்கம் இருக்கிறது. கணக்கு தப்பும்போது கண்ணில் படும் அடையாளங்களை வைத்துப் படம் அதைத் திருத்துகிறது. பழகப் பழக இரண்டும் தேறும்.

அந்தப் படம் கொஞ்சம் கோணல்

மனவரைபடம் என்றதும் சர்வே டிபார்ட்மென்ட் படம் மாதிரி துல்லியமாக இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு கேள்வி. யாழ்ப்பாணம், ராமேஸ்வரம் இரண்டில் எது வடக்கே இருக்கிறது?

இலங்கை இந்தியாவுக்குத் தெற்கே இருக்கிறது, ஆகவே ராமேஸ்வரம்தான் வடக்கு என்று நம்மில் பலர் சொல்லிவிடுவோம். மேப்பை எடுத்துப் பாருங்கள். யாழ்ப்பாணம் ராமேஸ்வரத்தைவிடச் சுமார் 40 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. விருதுநகரைவிடவே கொஞ்சம் வடக்குதான். யாழ்ப்பாணத்துக்காரர்களைக் கேட்டால் சிரிப்பார்கள்.

மூளை ஊர்களைப் பெட்டிக்குள் பெட்டியாக அடுக்கிவைக்கிறது. பெரிய பெட்டி எந்தப் பக்கமோ, அதற்குள் இருப்பதெல்லாம் அந்தப் பக்கம் என்று எடுத்துக்கொள்கிறது. 1978இல் அமெரிக்காவில் இதே சோதனையைச் செய்தார்கள். நெவாடா மாநிலம் கலிபோர்னியாவுக்குக் கிழக்கே இருப்பதால், ரீனோ நகரம் சான் டியேகோவுக்குக் கிழக்கே என்று பெரும்பாலோர் சொன்னார்கள். உண்மையில் ரீனோ மேற்கே இருக்கிறது. அதேபோல, வளைந்த ரோட்டை நேராக்கி, சாய்ந்த சந்திப்பைச் செங்கோணமாக்கித்தான் மனசில் வைத்துக்கொள்கிறோம். சென்னையின் அண்ணா சாலை வடகிழக்கிலிருந்து தென்மேற்காகச் சாய்ந்து போகிறது. தினமும் போகிற பலர் அதை நேர் வடக்கு தெற்கு என்றே நம்பிக்கொண்டு நடமாடுகிறார்கள், பெரிய நஷ்டமும் இல்லை.

போர்டு, காகிதம், போன்

இப்போது கையில் இருக்கும் படத்துக்கு வருவோம். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடம் தேடிப் போனேன். சுவரில் அழகான போர்டு, 'நீங்கள் இருக்கும் இடம்' என்று சிவப்புப் புள்ளி. புள்ளிக்கு வலப்பக்கம் பரிசோதனைக் கூடம். வலப்பக்கம் நடந்தேன். துணி துவைக்கிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

போர்டில் தப்பு இல்லை. படத்தில் மேலே வடக்கு. ஆனால் போர்டு மாட்டியிருந்த சுவரைப் பார்த்து நின்றால் நாம் பார்ப்பது தெற்கு. படத்தில் மேலே இருப்பதெல்லாம் என் முதுகுக்குப் பின்னால், வலப்பக்கம் இருப்பதெல்லாம் எனக்கு இடப்பக்கம். படத்தின் மேல்பக்கமும் நம் முகத்துக்கு நேரான பக்கமும் ஒன்றாக இருக்கும்படி வைப்பதை நேர்ப்படுத்தல் என்பார்கள். அது இல்லாத போர்டுகளைப் பார்த்துவிட்டுக் கணிசமான ஆட்கள் நேர் எதிர்ப்பக்கம் நடக்கிறார்கள் என்று மார்வின் லெவைன் என்ற உளவியலாளர் 1980களிலேயே சோதித்துக் காட்டினார். போர்டு எழுதுகிறவர் ஒரே டிசைனை நான்கு சுவருக்கும் அச்சடித்தால் மூன்று போர்டு தப்பாகத்தான் வழி காட்டும். என்னைக் கேட்டால் அந்த காசுக்கு நான்கு அம்புக்குறி போதும்.

மேப்பைத் திருப்பி வைத்துப் பார்க்கிறவர்களைக் கேலி செய்வது நம் ஊர் வழக்கம். அவர்கள் செய்வது நேர்ப்படுத்தல். திருப்பாமல் பார்க்கிறவர் அதே வேலையை மண்டைக்குள் செய்ய வேண்டும், அதற்கு நேரமும் ஆகும், பிழையும் வரும். வடக்கு மேலே இருப்பது ஒன்றும் இயற்கை விதி அல்ல. 1154இல் அல் இத்ரீசி வரைந்த உலகப் படத்தில் தெற்குதான் மேலே. 1300 வாக்கில் வரைந்து, இங்கிலாந்தின் ஹெர்போர்டில் இருக்கும் படத்தில் கிழக்கு மேலே.

போனில் இன்னொரு கூத்து உண்டு. ஜி.பி.எஸ். என்பது சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் சிக்னலை வைத்து இடம் கண்டுபிடிப்பது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள் சிக்னல் வேண்டும். அது நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று சொல்லும். எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறீர்கள் என்று அதற்குத் தெரியாது. அதைச் சொல்வது போனுக்குள் இருக்கும் சின்னக் காந்த உணரி. பக்கத்தில் இரும்பு, கார், கட்டிடக் கம்பி இருந்தால் அது தடுமாறும். போனை எட்டு போடுவதுபோல ஆட்டச் சொல்வது அதைச் சரிசெய்யத்தான். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நீலப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு எல்லோரும் பத்தடி நடந்து, "ஐயோ, இந்தப் பக்கம் இல்ல" என்று திரும்புகிறோமே, காரணம் இதுதான். நகர ஆரம்பித்தால்தான் ஜி.பி.எஸ்ஸுக்குத் திசை தெரியும்.

மேப் ஆப்பில் இரண்டு பார்வை உண்டு. போகிற திசை மேலே இருக்கும்படி படம் சுழன்றுகொண்டே வருவது ஒன்று. நேர்ப்படுத்தல் தானாக நடப்பதால் திருப்பம் தப்பாது. ஆனால் ஊர் நம்மைச் சுற்றிச் சுழல்வதால் எது எதற்குக் கிழக்கே என்பது மனசில் படியாது. வடக்கு மேலே நிலையாக நிற்பது இன்னொன்று. திருப்பத்தில் கொஞ்சம் யோசிக்க வைக்கும், அமைப்பு பதியும். 2008இல் ஜப்பானில் தோரு இஷிகாவா குழு ஒப்பிட்டுப் பார்த்ததில், காகித மேப்போடு நடந்தவர்களைவிட ஜி.பி.எஸ்ஸோடு நடந்தவர்கள் அதிக தூரம் நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். பிறகு அந்த வழியைப் படம் வரையச் சொன்னபோது, ஏற்கெனவே ஒருமுறை நேரில் வழி காட்டப்பட்டு நடந்தவர்களைவிட மோசமாக வரைந்தார்கள். ஆப் மணி கோத்த நூலை மட்டும் கொடுக்கிறது, அதுவும் ஒவ்வொரு மணியாக. அவசரத்துக்கு அது போதும். அதே ஊரில் குடியிருக்கப் போகிறீர்கள் என்றால் கிளம்புவதற்கு முன் ஒரு தடவை முழுப் படத்தையும் பெரிதாக்காமல் பாருங்கள்.

பெண்களுக்கு மேப் வராதா?

இந்தப் பேச்சு வராமல் இருக்காது என்பதால் சுருக்கமாக. சீ ஹீரோ குவெஸ்ட் என்ற மொபைல் கேமை 2016இலிருந்து உலகம் முழுக்க லட்சக்கணக்கானோர் விளையாடினார்கள். மறதி நோய் ஆய்வுக்காகவே செய்த கேம் அது. சராசரியில் ஆண்கள் கொஞ்சம் முன்னால் இருந்தார்கள். ஆனால் ஆண் பெண் சமத்துவம் அதிகம் உள்ள நாடுகளில் அந்த இடைவெளி சுருங்கியிருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் சுற்ற விட்ட பிள்ளைக்கும், இருட்டுவதற்குள் வீட்டுக்கு வா என்று வளர்த்த பிள்ளைக்கும் ஒரே அளவு பழக்கம் எப்படி இருக்கும்? அதே கேமில் கிடைத்த இன்னொரு முடிவு 2022இல் வந்தது: நகரத்துக்கு வெளியே வளர்ந்தவர்கள் சராசரியில் நன்றாக வழி கண்டுபிடித்தார்கள். கட்டம் கட்டமாக ரோடு போட்ட நகரங்களில் வளர்ந்தவர்கள் வளைந்து நெளிந்த வழிகளில் அதிகம் திணறினார்கள்.

வழி சொல்லும்போது

பழைய பெட்டிக்கடைக்காரர்கள் வழி கேட்டால் முதலில், "எங்க இருந்து வர்றீங்க?" என்பார்கள். வம்புக்குக் கேட்பதாக நினைத்திருக்கிறேன். அவர்கள் சட்டகத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். போனில் வழி சொல்லும்போது அதையே முதலில் கேளுங்கள். இடது வலது சொன்னால் கூடவே கண்ணில் படும் ஒரு பொருளையும் சேர்த்துச் சொல்லுங்கள். திருப்பத்தைத் தாண்டிப் போய்விட்டால் எது தெரியும் என்பதையும் சொல்லிவிடுங்கள்: "பெட்ரோல் பங்க் வந்துடுச்சுன்னா தாண்டிட்டீங்க." புது இடத்தில் நடக்கும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். போகும்போது பார்த்த முகம் வேறு, வரும்போது அந்தத் தெரு காட்டும் முகம் வேறு.

அப்புறம் அந்தச் செருப்பு. தெற்குச் சித்திரை வீதிக்குத் திரும்பி, டோக்கனைக் கொடுத்து செருப்பை வாங்கிப் போட்டுக்கொண்டு, நிழல் கிடைத்ததும் அத்தையிடம் கேட்டேன். சூரியன் தெரியாத இடத்தில் எப்படி அவ்வளவு திருப்பத்தையும் எண்ணினீர்கள் என்று.

"நான் எங்க எண்ணினேன்? சாமி ரெண்டும் கிழக்க பாத்துல்ல இருக்கு. கும்புட்டுட்டு முதுகுப் பக்கமா சுத்தி வெளிய கூட்டியாந்த. அது மேக்குதானே?"